போஸ் கண்ணாடி தேடப் போகிறீர்களா? முதலில் எந்த ஒழுங்கின்மை என்று முடிவு செய்யுங்கள்

ஆய்வில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: "அண்ணா, லாட்டிஸில் ஒழுங்கின்மை போட்டுப் போஸ் கண்ணாடி வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரேண்டம் எண்ணைக் கூட்டிவிட்டால் போதும்தானே?" போதும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் ஒன்றரை வருடம் வீணடித்தவன் என்பதால் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. அன்று பேசியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. போஸ் கண்ணாடி என்பது ஒழுங்கில்லாத லாட்டிஸில் குளிர்ந்த அணுக்கள் அடையும் ஒரு நிலை, அதற்குப் படிப்படியாக வருகிறேன். லேசர் கதிர்களை எதிரெதிரே விட்டால் ஒளியாலேயே ஒரு லாட்டிஸ், அதாவது பாடப்புத்தகத்தில் வரும் அணிக்கோவை, கிடைக்கும். அதில் குளிர்ந்த அணுக்களைப் போட்டால் இரண்டு குணங்கள் மோதிக்கொள்ளும். அணு பக்கத்துக் குழிக்குத் தாவப் பார்க்கும். அந்த வலிமைக்கு ஜே என்று பெயர். ஒரே குழியில் இரண்டு அணு உட்கார்ந்தால் ஆற்றல் கூடும், அது யூ. ஜே ஓங்கினால் எல்லா அணுவும் ஒன்றாக ஓடும் மீப்பாய்மம். யூ ஓங்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்து அசைய மறுக்கும் மாட் காப்பான். 2002இல் மியூனிக்கில் ரூபிடியம் அணுக்களை வைத்து இந்த மாற்றத்தைக் கண்ணால் காட்டினார்கள். முப்பரிமாணக் கனசதுர லாட்டிஸில், குழிக்கு ஓர் அணு என்ற கணக்கில், யூ ஜேயைப் போல ஏறத்தாழ 29.3 மடங்காகும்போது மாற்றம் நடக்கும் என்பது குவாண்டம் மான்டே கார்லோ, அதாவது ரேண்டம் எண்களை வைத்துக் கணினியில் போடும் கணக்கு.

இதில் ஒழுங்கின்மையைச் சேர்த்தால் மூன்றாவதாக ஒன்று வரும். 1989இல் ஃபிஷர் சகோதரர்கள் இருவரும் வைக்மன், கிரின்ஸ்டைன் ஆகியோரும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் அதற்கு ஆதாரம். ஏரி வற்றியதைப் பார்த்திருப்பீர்கள், நடுநடுவே குட்டைகள் மட்டும் நிற்கும். ஒவ்வொரு குட்டையிலும் தண்ணீர் அலையும், இன்னொரு குடம் ஊற்றினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓட்டம் இருக்காது. போஸ் கண்ணாடி அதுதான். கணக்கில் அடையாளம் காண இரண்டே அளவுகள் போதும்: மீப்பாய்ம அடர்த்தி (கரையிலிருந்து கரைக்கு ஓடும் பங்கு), அமுக்கத்தன்மை (இன்னும் ஊற்றினால் வாங்கிக்கொள்ளும் குணம்). மீப்பாய்மத்தில் இரண்டும் இருக்கும், மாட் காப்பானில் இரண்டும் பூச்சியம், போஸ் கண்ணாடியில் அமுக்கத்தன்மை உண்டு, மீப்பாய்ம அடர்த்தி கிடையாது.

சரி, இப்போது அந்த ஒழுங்கின்மையை எங்கிருந்து எடுப்பது?

தம்பி சொன்னதுதான் முதல் வழி. ஒவ்வொரு குழிக்கும் மைனஸ் டெல்டா முதல் பிளஸ் டெல்டா வரை சம வாய்ப்புள்ள ஓர் எண்ணைக் குலுக்கிப் போடுவது. பெட்டிப் பரவல் என்போம். ஆண்டர்சன் 1958இல் எலக்ட்ரான்களுக்கு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மாதிரி இதுதான். ஒருபரிமாணத்தில் இம்மியளவு ஒழுங்கின்மை இருந்தாலும் அலைச்சார்புகள் முழுவதும் சிறைப்பட்டுவிடும், அதாவது பரவாமல் ஓரிடத்திலேயே அடங்கிவிடும். இருபரிமாணத்திலும் அப்படித்தான் என்று 1979இல் நான்கு பேர் எழுதினார்கள், அதில் ஒருவர் நம் டி. வி. ராமகிருஷ்ணன். கோட்பாட்டு ரீதியாக இதைவிடச் சுத்தமான மாதிரி கிடையாது. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் தொடர்பில்லை, மேல் வரம்பு கீழ் வரம்பு திட்டவட்டமாக இருக்கிறது, பிற குழுக்களின் முடிவுகளோடு நேராக ஒப்பிடலாம்.

எழுத ஒரு வரிதான், ஆனால் இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மாட் காப்பானுக்கும் போஸ் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள எல்லையைத் தீர்மானிப்பது சராசரி இடங்கள் அல்ல, அபூர்வமான இடங்கள். தற்செயலாக ஒரு பெரிய வட்டாரம் முழுக்க எல்லா எண்ணும் ஒரே பக்கமாக, ஏறத்தாழ மைனஸ் டெல்டாவாக, விழுந்துவிட்டது என்று வையுங்கள். அந்த வட்டாரத்துக்கு ஒழுங்கின்மையே இல்லை, தரைதான் மொத்தமாகத் தாழ்ந்திருக்கிறது. டெல்டா, மாட் இடைவெளியில் (மாட் காப்பானின் அசையாமையைக் கலைக்கத் தேவைப்படும் ஆற்றலில்) பாதியைத் தாண்டினால் அங்கே கூடுதல் அணு வந்து உட்காரும், ஒரு குட்டை பிறந்துவிடும். எல்லையற்ற லாட்டிஸில் இப்படி ஓர் இடம் எங்காவது இருந்தே தீரும், ஆகவே அமுக்கத்தன்மை பூச்சியமாக இருக்க முடியாது. மாட்டும் மீப்பாய்மமும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளவே முடியாது, நடுவில் எப்போதும் ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு என்ற முடிவும் இந்தத் தர்க்கத்தின் வழிதான் வருகிறது. இதை போலெட், புரோகோஃபியெவ், ஸ்விஸ்டுனோவ், ட்ராயர் 2009இல்தான் தீர்த்துவைத்தார்கள். 1989இலிருந்து கணக்குப் போட்டால் இருபது வருடச் சண்டை!

ஏன் இருபது வருடம்? கால்குலேட்டரை எடுங்கள். ஒரு குழியின் எண் பெட்டியின் அடிமட்ட 5 சதவீதத்துக்குள் விழ நிகழ்தகவு 20இல் 1. தொடர்ந்து ஐந்து குழிகள் அப்படி விழ 20ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 32 லட்சத்தில் 1. உங்களிடம் இருப்பது 100 குழிச் சங்கிலி, 1000 மாதிரிகள், அதாவது ஆயிரம் தனித்தனிக் குலுக்கல்கள். மொத்தம் ஒரு லட்சம் தொடக்க இடங்கள். எதிர்பார்க்கக்கூடிய அபூர்வ வட்டாரங்கள் 0.03, அதாவது ஒன்றுகூட இல்லை. அதுவும் வெறும் ஐந்து குழி, ஒருபரிமாணம். மாற்றத்துக்குப் பக்கத்தில் போனால் இடைவெளி சுருங்கி, தேவைப்படும் வட்டாரம் இன்னும் பெரிதாகும்; முப்பரிமாணத்தில் அது நீளத்தின் மும்மடியாகப் பெருகும். கணினி நேர்மையாகத்தான் ஓடும், "அமுக்கத்தன்மை பூச்சியம், நேராக மாட்" என்று நேர்மையாகத் தப்பான பதிலைச் சொல்லும். அந்தக் காலத்தில் பல பேர் நேரடி மாற்றம் இருப்பதாகச் சொன்னதற்கு இதுதான் காரணம், அவர்கள் சோம்பேறிகள் என்பதல்ல.

என் கதை இதைவிடக் கேவலம். 500 மாதிரிகளை கிளஸ்டரில் போட்டேன். பிழைக்கோடுகள் புள்ளியைவிடச் சின்னதாக வந்தன, அவ்வளவு அழகான வரைபடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்று வாரம் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்த பிறகுதான் தெரிந்தது, ஐநூறு வேலைகளும் ஒரே விதை எண்ணில், அதாவது குலுக்கலைத் தொடங்கி வைக்கும் எண்ணில், தொடங்கியிருக்கின்றன. ஐநூறு முறை ஒரே லாட்டிஸ். ஒழுங்கின்மையில் வேலை செய்கிறவருக்குப் பிழைக்கோடு சின்னதாக வந்தால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது, தம்பிக்கு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. பெட்டிப் பரவலில் மாட் எல்லை எங்கே என்று தெரிய நீங்கள் ஒழுங்கின்மையையே ஓட்ட வேண்டாம். சுத்தமான லாட்டிஸின் மாட் இடைவெளியைக் கணக்கிடுங்கள், அதில் பாதி எடுங்கள், டெல்டா அதைத் தாண்டும் இடம்தான் எல்லை. மேலே சொன்ன அபூர்வ வட்டார வாதம் உங்களுக்கு இலவசமாகக் கொடுப்பது இது. ஆகவே உங்கள் உழைப்பு முழுவதும் இன்னொரு எல்லைக்கு, மீப்பாய்மத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருப்பதற்கு, போகட்டும். அங்கே அபூர்வ வட்டாரங்களின் ஆட்டம் இந்த அளவுக்குக் கிடையாது. ஒருபரிமாணமாக இருந்தால் ஜியாமார்ச்சியும் ஷுல்ட்ஸும் 1988இல் கொடுத்த கணிப்பு இருக்கிறது: பலவீனமான ஒழுங்கின்மையில் லட்டிஞ்சர் எண் (ஒருபரிமாண ஓட்டம் எவ்வளவு உறுதி என்று சொல்லும் எண்), அவர்கள் வழக்கப்படி, சரியாக 3/2ஐத் தொடும்போது மீப்பாய்மம் உடையும். ஒப்பிட்டுச் சரிபார்க்க இதைவிட நல்ல உரைகல் வேறில்லை. முப்பரிமாணத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. சுத்தமான நிலையில் மாட்டாக இருக்கும் லாட்டிஸில், மாற்றத்துக்குச் சற்று அப்பால் இருந்துகொண்டு, ஒழுங்கின்மையைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் கண்ணாடி, அப்புறம் மீப்பாய்மம், திரும்பவும் கண்ணாடி. கெடுக்கத்தானே ஒழுங்கின்மை என்று நினைத்தால் நடுவில் அது ஓட்டத்தை உண்டாக்கிக் கொடுக்கிறது.

இரண்டாவது வழி, குவாசிபீரியாடிக். என் பரிந்துரை பெரும்பாலானவர்களுக்கு இங்கேதான் போகும், ஆனால் சில நிபந்தனைகளோடு. இதில் குலுக்கலே கிடையாது. முதல் லாட்டிஸின் மேல் வேறு அலைநீளத்தில் இரண்டாவது லாட்டிஸைப் போடுவது, அவ்வளவுதான். ஒருவர் ஆதி தாளம் போட, பக்கத்தில் இன்னொருவர் மூன்றெண்ணிக்கை ரூபகம் போட்டால், 24 எண்ணிக்கையில் இருவரும் சேர்ந்து சமத்துக்கு வந்துவிடுவார்கள். எட்டுக்கும் மூன்றுக்கும் பதிலாக விகிதமுறா எண் ஒன்று நடுவில் இருந்தால்? எத்தனை யுகம் போட்டாலும் சமம் வராது. எந்த இடமும் இன்னோர் இடத்தின் நகலாக இருக்காது, ஆனாலும் எல்லாம் ஒரு வரிச் சூத்திரத்துக்குள் அடக்கம்.

1980இல் ஆப்ரியும் ஆந்த்ரேயும் காட்டியது: இப்படிப்பட்ட சங்கிலியில், அணுக்களுக்குள் மோதல் இல்லாதபோது, இரண்டாவது லாட்டிஸின் வலிமை ஜேயைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும் கணத்தில் எல்லா நிலைகளும் ஒன்றாகச் சிறைப்படும். அதற்குக் கீழே எல்லாம் சுதந்திரம். சிறைநீளத்துக்கும், அதாவது சிறைப்பட்ட அலை எத்தனை குழிவரை பரவும் என்பதற்கும், சூத்திரம் உண்டு: வலிமையை இரண்டு ஜேயால் வகுத்து, இயல்மடக்கை எடுத்து, தலைகீழாக்கினால் தீர்ந்தது. வலிமை மூன்று ஜே என்றால் சுமார் 2.5 குழிகள், 2.1 ஜே என்றால் சுமார் 20 குழிகள். இதைப் பெட்டிப் பரவலோடு ஒப்பிடுங்கள். அங்கே பெட்டியின் மொத்த அகலம் ஒரு ஜே என்றால், ஆற்றல் பட்டையின் நடுவில் சிறைநீளம் சுமார் 100 குழிகள். உங்கள் சங்கிலி 50 குழி என்றால், சிறைப்பட்ட அலை சுதந்திரமாகத் திரிவது போலவே தெரியும். புதிதாக எழுதிய நிரலைச் சோதிக்க ஆப்ரி ஆந்த்ரேயைவிட வசதி கிடையாது. பதில் முன்கூட்டியே தெரியும், சின்னச் சங்கிலியிலேயே கூர்மையாகத் தெரியும், மடிக்கணினி போதும்.

மாதிரிகளை ஆயிரக்கணக்கில் சராசரி எடுக்கும் தலைவலியும் இல்லை. 100 குழிகளின் சராசரியை எடுத்தால் ரேண்டம் எண்களில் அது வர்க்கமூலக் கணக்கில், அதாவது 10 சதவீதம் என்ற அளவில் ஆடும். குவாசிபீரியாடிக்கில் குழி எண்ணிக்கைக்கு நேர் எதிர்விகிதமாக, 1 சதவீதம் என்ற அளவில். இரண்டாவது லாட்டிஸைச் சற்றுத் தள்ளித் தள்ளிச் சில பத்து முறை ஓட்டினாலே போதும். ஒரு சின்ன எச்சரிக்கை: நுனிகளை இணைத்து வளையமாக்கும்போது 100 குழி, பொன்விகிதம் என்று போட்டால் தையல் போட்ட இடத்தில் ஒரு செயற்கைக் குறை உட்காரும், அதில் ஒரு நிலை ஒட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றும். ஃபிபொனாச்சி எண்ணாகப் பாருங்கள்: 144 குழி எடுத்து விகிதத்தை 89/144 என்று வைத்தால் தையலே தெரியாது.

குறை என்ன? முதலாவது, அபூர்வ வட்டாரமே இதில் கிடையாது. எண்கள் சூத்திரத்தின்படி ஏறி இறங்குவதால் நீண்ட சமதரை ஒன்று தற்செயலாக அமையவே முடியாது. மாட் எல்லைக்கு மேலே சொன்ன பாதி இடைவெளி வாதம் இங்கே செல்லாது. அபூர்வ வட்டாரங்களை நம்பியிருக்கும் கிரிஃபித்ஸ் விளைவு, பனிச்சரிவு வாதம் போன்றவற்றைப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இதை எடுத்தால், மீன் இல்லாத குளத்தில் தூண்டில் போட்ட கதைதான். இரண்டாவது, அழைக்காத விருந்தாளிகள் வருவார்கள். இரண்டு அலைநீளங்களின் விகிதத்தோடு ஒத்துப்போகும் அடர்த்திகளில் இடைவெளி கொண்ட காப்பான் நிலைகள் தோன்றும், அவை போஸ் கண்ணாடியும் அல்ல, மாட்டும் அல்ல, ரேண்டத்தில் இருக்கவே இருக்காது. மீப்பாய்ம அடர்த்தி பூச்சியம் என்பதை மட்டும் பார்த்துக் "கண்ணாடி கிடைத்துவிட்டது" என்று எழுதியவர்கள் உண்டு. அமுக்கத்தன்மையையும் பார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள்.

சோதனைக்கூடங்கள் இதை விரும்பக் காரணம் புரிகிறது: இன்னொரு லேசர் போதும். ஃப்ளாரன்ஸ் குழு 1032 நானோமீட்டர் லாட்டிஸின் மேல் 862 நானோமீட்டரைப் போட்டு, பொட்டாசியம் 39 அணுக்களின் மோதலைக் காந்தப்புலத்தால் அணைத்துவிட்டு, 2008இல் ஆப்ரி ஆந்த்ரே மாற்றத்தைக் காட்டியது. மியூனிக்கில் 532க்கு 738 என்று போட்டு 2015இல் பல்துகள் சிறைப்படலை, அதாவது ஒன்றோடொன்று மோதும் அணுக்களும் சிறைப்படுவதை, காட்டினார்கள். கேம்பிரிட்ஜ் குழு எட்டு மடிப்புச் சமச்சீர் கொண்ட ஒளிக் குவாசிபடிகத்தில் இருபரிமாணப் போஸ் கண்ணாடியை 2024இல் வெளியிட்டது. கண்ணாடிக்குள் போன அணுக்கள், லாட்டிஸைத் திருப்பித் தளர்த்தியபோதும் பழைய ஒத்திசைவுக்குச் சுலபமாகத் திரும்பவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. கண்ணாடி என்ற பெயருக்கு ஏற்ற பிடிவாதம்.

மூன்றாவது ஸ்பெக்கிள். லேசர் பாயின்டரைச் சுவரில் அடித்தால் ஒளிப்பொட்டுக்குள் மணல் தூவியது போல் துகள் துகளாகத் தெரியும் இல்லையா, அதுவேதான். சொரசொரப்பான கண்ணாடித் தகட்டின் வழியே லேசரை விட்டு அந்த மணலை அணுக்களின் மேல் விழச் செய்கிறார்கள். பாரிஸ் பக்கம் பாலெசோவில் 2008இல் ஒருபரிமாண ஆண்டர்சன் சிறைப்படலை இப்படித்தான் பார்த்தார்கள், ஃப்ளாரன்ஸ் கட்டுரை வந்த அதே நேச்சர் இதழில். லாட்டிஸின் மேல் முப்பரிமாணத்தில் ஸ்பெக்கிளைப் போட்டு மோதும் அணுக்களோடு செய்தது இல்லினாய் குழு.

நிஜமான ரேண்டம்தான். ஆனால் கோட்பாட்டாளர் கண்ணோடு பாருங்கள். ஒளிச்செறிவின் பரவல் அடுக்குக்குறியாகக் குறைகிறது, சராசரியும் திட்டவிலக்கமும் ஒன்றே, ஒரு பக்கம் மட்டும் நீளும், மேல் வரம்பே கிடையாது. வரம்பு இல்லையென்றால் எங்கோ ஒரு வட்டாரம் எந்த மாட் இடைவெளியையும் தோற்கடிக்கும் அளவுக்கு உயர்ந்திருக்கும். கறாராகச் சொன்னால் ஸ்பெக்கிளில் மாட் காப்பான் என்ற நிலையே கிடையாது. அடுத்து, துகளுக்கு ஓர் அளவு உண்டு, வில்லை அனுமதிப்பதைவிடச் சின்னதாக்க முடியாது, ஆகவே பக்கத்துக் குழிகள் ஒன்றையொன்று தெரிந்தவை. போதாக்குறைக்கு ஸ்பெக்கிள் குழியின் ஆழத்தை மட்டும் மாற்றாமல் ஜேயையும் யூவையும்கூட இடத்துக்கு இடம் கலைக்கிறது. உங்கள் கையில் அப்படிப்பட்ட சோதனையின் தரவு இருந்தால் ஸ்பெக்கிளைத்தான் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. இல்லையென்றால் எதற்கு இந்தச் சுமை? "நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது" என்பது மட்டும் காரணமானால் நான் வேண்டாம் என்பேன்.

முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற நுண்ணிய ஆடிகளின் வரிசை வைத்துக் குழிக்குக் குழி வேண்டிய ஒளியைப் பாய்ச்சும் வழியும் இருக்கிறது. மியூனிக்கில் 2016இல் இருபரிமாணத்தில் செய்தது அது. பணமும் ஆளும் உள்ள சோதனைக்கூடத்துக்கு அதுதான் சிறந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நமக்கு அது முடிவெடுக்க வேண்டிய விஷயமே இல்லை.

இந்தப் பேச்சில் எல்லோரும் மறக்கும் ஒன்று, நிஜப் படிகம். டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லும் நிக்கல் குளோரைடு தயோயூரியா சேர்மத்தில் நிக்கலின் சுழற்சிகள் (ஸ்பின் என்னும் குட்டிக் காந்தங்கள்) போஸ் துகள்களைப் போல நடந்துகொள்ளும். காந்தப்புலத்தைக் கூட்டினால் துகள் கூடும், காந்தமாக்கம்தான் அடர்த்தி. குளோரினில் கொஞ்சத்தைப் புரோமினாக மாற்றினால் ஒழுங்கின்மை தயார். 2012இல் போஸ் கண்ணாடியின் தடயங்களை அதில் காட்டினார்கள். இதன் பலம் எண்ணிக்கை: குளிரணுச் சோதனையில் லட்சம் அணு என்றாலே பெரிது, படிகத்திலோ ஒரு சிட்டிகையில் 32 லட்சத்தில் 1 என்பது சர்வசாதாரணம். அபூர்வ வட்டாரங்கள் நிஜமாகவே உள்ளே இருக்கும். பலவீனம், புரோமின் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு கலைக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல முடியாது. அது கொடுக்கும் அதிர்ச்சிகளும் உண்டு: சிறைப்பட்டிருக்கும் என்று நினைத்த உயர்புலப் பகுதியில், புரோமின் பக்கத்து நிலைகளே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு புது ஒழுங்குக்குப் போகும் என்று 2017இல் காட்டினார்கள்.

தம்பியிடம் கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான்: எந்த எல்லையைத் தேடப் போகிறாய்? ஆறு மாத எம்.எஸ்சி. திட்டம், கையில் மடிக்கணினி என்றால் ஒருபரிமாணக் குவாசிபீரியாடிக், டிஎம்ஆர்ஜி (ஒருபரிமாணச் சங்கிலிக்கு ஏற்ற கணக்கு முறை), அவ்வளவுதான். அமுக்கத்தன்மையை மட்டும் விட்டுவிடாதே. பிஎச்.டி. என்றால் அதே நிரலை முதல் இரண்டு மாதம் ஆப்ரி ஆந்த்ரேயில் உரசிப் பார்த்துவிட்டுப் பெட்டிப் பரவலுக்குப் போ. மீப்பாய்மம் உடையும் எல்லையைத் தேடு, மாட் எல்லையைச் சுத்த லாட்டிஸிலிருந்து எடுத்துக்கொள். இரண்டு பரிமாணமோ அதற்கு மேலோ என்றால் புழு அல்காரிதம், அது மான்டே கார்லோவில் ஒரு வகை. குட்ஸ்வில்லர் சராசரிப்புலம் (அக்கம்பக்கத்துக் குழிகளைச் சராசரியாக மட்டும் பார்க்கும் தோராயம்) வேகமாக ஓடுகிறதே என்று ஆசைப்படாதே, குட்டைகளுக்கு நடுவே இல்லாத வாய்க்காலை அது வெட்டிக் காட்டிவிடும்.

தம்பி பெட்டிப் பரவலைத்தான் எடுத்தார். நேற்று முதல் வரைபடம் அனுப்பியிருந்தார். பிழைக்கோடுகள் ரொம்பச் சின்னதாக இருக்கின்றன. விதை எண்களின் பட்டியலை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.